துறை என்றால் துறைதான்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: இரவல் நீலக் கோட்டுக்குள் அப்பா, அவருக்குப் பக்கத்தில் எங்கள் லோயர், எதிரே நீள மேசைக்குப் பின்னால் அகதி வழக்கை விசாரிக்கிற அதிகாரியான நரைமுடி அம்மையார், மேசை ஓரத்தில் மொழிபெயர்ப்பாளர், சுவரோரக் கதிரையில் நான். நடுவில் குரலைப் பதிகிற ஒரு ரேப் ரெக்கோடர் சுற்றிக்கொண்டிருந்தது. இல்லாதவர்கள் அம்மாவும் தங்கச்சியும். அப்பாவைக் கனடா ஏற்றுக்கொண்டது என்ற செய்திக்காக அவர்கள் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். இன்னொன்றும் அங்கே இல்லை. அப்பா காவல் காத்த துறை. அது வந்திருந்தால் தானே சாட்சி சொல்லியிருக்கும், எங்களுக்கு அலைச்சல் மிச்சம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவுக்கு முதலில் வந்தவன் நான். வந்து, அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, ஹைஸ்கூலை முடித்து, யூனிவேசிற்றிக்குள் அப்போதுதான் காலடி வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள் நான்தான். பின்னால் வந்த அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. படிக்கிற பெடியனான எனக்கு வருமானம் இல்லை, அதனால் அம்மாவை நான் கூப்பிட முடியாது. அப்பாவின் வழக்கு வென்றால் அவர் கூப்பிடலாம். எல்லாம் அந்த அறையில் அவர் வாய் திறப்பதில் இருந்தது.

அவர் வாய் திறந்தார்.

ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் தந்தார். அவர் சென்னைப் பக்கத்து மனிதர். மரியாதையானவர், அப்பாவை ஒவ்வொரு தடவையும் "ஐயா" என்றார்.

எங்கள் ஊர் ஊர்காவற்றுறை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, தீவில் இருக்கிற பழைய துறைமுகம். வீட்டிலும் பஸ்ஸிலும் சந்தையிலும் நாங்கள் அதை "ஊறாத்துறை" என்று சுருக்கித்தான் சொல்வோம். அப்பா அன்றைக்குக் கோட் போட்டிருந்தார். பெயருக்கும் ஒரு கோட் போட்டுவிட வேண்டும் என்று நினைத்துவிட்டார் போல.

"நான் ஊர்காவற்றுறையிலை காவல் வேலை செய்தனான்," என்றார், ஒவ்வொரு எழுத்தாக.

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். துறை "டிப்பார்ட்மென்ட்" ஆகிவிட்டது: கிராமக் காவல் திணைக்களத்தில் காவலராக வேலை செய்தாராம்.

தமிழ்நாட்டில் காவல்துறை என்றால் பொலிஸ். எங்கள் ஆட்களுக்குப் பொலிஸ் என்றால் பொலிஸ்தான், காவல்துறை என்று ஒருவரும் வீட்டில் கதைப்பதில்லை. அந்த மனிதருக்கு ஊர் தெரியும், காவல் தெரியும், துறை தெரியும். மூன்றையும் சேர்த்தால் ஒரு ஊர் வரும் என்பது மட்டும் தெரியவில்லை. அதைவிட மோசம் ஒன்றிருந்தது. இலங்கையில் ஊர்காவல் படை என்று ஒன்று இருந்தது. அரசாங்கம் கிராமத்து ஆட்களுக்குத் துவக்குக் கொடுத்து வைத்திருந்த படை. எங்கள் சனம் அந்தப் பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்தும். அதிகாரியும் அந்தப் படையைப் பற்றி எங்கோ வாசித்திருக்க வேண்டும். அவருடைய பேனை நின்றது.

"ஆயுதம் ஏதாவது வச்சிருந்தீங்களா ஐயா?" என்று கேள்வி தமிழில் வந்தது.

"ஓம். ஒரு பொல்லுத்தடி இருந்தது."

"யார் கொடுத்தாங்க?"

"கவுண்மேந்துதான்."

"அதால யாரையாவது அடிச்சிருக்கீங்களா?"

அப்பா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுசன். "அடிச்சிருக்கிறன்," என்றார். "ஆடுகளுக்கு."

ஆடுகள் ஆங்கிலத்துக்குப் போனபோது அதிகாரியின் முகம் இன்னும் இறுகியது. தன்னோடு பகிடி விடுகிறார் என்று நினைத்திருப்பார். நான் எழும்பினேன். அது ஊரின் பெயர், அவர் துறைமுகத்தில் வாச்சர், என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பார்வையாளர் பேசக்கூடாது, உட்காருங்கள் என்றார் அதிகாரி. உட்காராமல் திரும்பவும் சொன்னேன். என்னை வெளியே அனுப்பினார்கள்.

கதவுக்கு வெளியே தண்ணீர் மெசினுக்குப் பக்கத்தில் நின்றேன். எங்கள் ஊரின் பெயரை எங்களுக்கே பிழையாகச் சொல்லிவிட்டு, அதை ரேப்பிலும் பதிந்துவிட்டு, நீ உட்கார் என்கிறார்கள்.

விசாரணை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. எல்லோரும் வெளியே வந்தபோது அப்பா மொழிபெயர்ப்பாளரை மறித்தார்.

"தம்பி, நான் என்ன சொன்னனான், நீங்கள் என்னத்தைச் சொன்னனீங்கள்?"

"நீங்க சொன்னதைத்தான் சொன்னேன் ஐயா. எங்க ஊர்ல காவல்துறைன்னா போலீஸ்."

"எங்கடை ஊரிலை ஊர்காவற்றுறை எண்டால் எங்கடை ஊர்."

"நாங்க வெளியில பேசிக்கக் கூடாது ஐயா, மன்னிச்சுக்குங்க," என்று அவர் லிஃப்டைத் தேடிப் போய்விட்டார். 

லோயர் எங்களைக் கீழே கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போனார். அவருக்கு வழி தெளிவாக இருந்தது. அப்பாவின் விண்ணப்பத்தில் ஊரின் பெயர் ஆங்கிலத்தில் கைற்ஸ் என்று இருக்கிறது. வரைபடத்திலும் அப்படித்தான். அடுத்த அமர்வில் அப்பா "கைற்ஸ்" என்று சொல்ல வேண்டும். முன்னே சொன்ன சொல் தடுமாற்றத்தில் வந்தது, அதைத் திருப்பி எடுக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். அரை மணித்தியால வேலை.

நான் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் கோப்பியை ஒருபக்கம் தள்ளிவைத்தார்.

"எதைத் திருப்பி எடுக்கிறது? ஊரையோ?"

"பேரைத்தான் அப்பா."

"நான் தடுமாறேல்லை. தடுமாறினவர் அவர். அவரைத் திருப்பி எடுக்கச் சொல்லு."

நாங்கள் அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அப்பார்ட்மென்ட்டை இன்னொருவரோடு பங்கு போட்டு இருந்தோம். அவர் பருத்தித்துறைக்காரர். நான் அங்கிள் என்பேன், அவர் அப்பாவை அண்ணை என்பார். பீற்சா கடை வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கதையைக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு சப்பாத்தோடு சுவரில் சாய்ந்து சிரித்தார்.

"அண்ணை, நல்ல காலம் நான் தப்பினன். என்னைக் கேட்டிருந்தால் பருத்தி டிப்பார்ட்மென்ட் எண்டெல்லோ எழுதியிருப்பாங்கள்!"

"சிரியும், சிரியும்," என்றார் அப்பா.

"காங்கேசன்துறையான் என்னெண்டு சொல்லுவான்? காங்கேசன் டிப்பார்ட்மென்ட். கொழும்புத்துறையான் வந்தால் கொழும்பிலை பெரிய உத்தியோகம் எண்டு சலூட் அடிப்பாங்கள். எங்கடை கரை முழுக்கக் கவுண்மேந்து ஒபீஸ்தான் அண்ணை!"

அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அங்கிள் பிறகு குரலை இறக்கி, "பகிடியை விடுங்கோ. கைற்ஸ் எண்டு சொல்லிப்போட்டு வாருங்கோவன். பிள்ளையளின்ரை தாய் அங்கை கிடக்கிறா," என்றார்.

அப்பா அங்கிளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"தம்பி, உனக்குத் தெரியும்தானே எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரேயொரு சொல்லுத் தெரியும். கிட்டங்கி வாசலிலை மூண்டு பாசையிலை பலகை இருந்ததெல்லோ. அந்தப் பலகைக்குக் கீழைதான் கதிரையைப் போட்டு இருக்கிறனான். எது தமிழ் எண்டு மனேச்சர் ஒருக்கால் காட்டினவர். பிறகு நானாப் பாத்துப் பாத்து மண்ணிலை கீறிப் பழகினன். ஊர்காவற்றுறை. எனக்கு வாசிக்கத் தெரிஞ்ச ஒரே சொல்லை நான் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு ரேப்பிலை சொல்ல மாட்டன்."

கிட்டங்கி என்பது துறையில் சாமான்களை அடுக்கிவைக்கிற சுங்கக் கட்டடம். அதற்குத்தான் அவர் காவல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருப்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். ல் என்ற எழுத்தும் து என்ற எழுத்தும் சேர்ந்தால் ற்று வரும் என்று எனக்கு வாத்தியார் பலகையில் எழுதிப் படிப்பித்தார். அப்பா அதை இன்னொரு பலகையில் பார்த்து, மண்ணில் எழுதியிருக்கிறார்.

ஆனால் அம்மாவுக்கு யார் சொல்வது? சனிக்கிழமை போன் காட் வாங்கிக் கொழும்புக்கு எடுத்தோம். அப்பா ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டார்.

"என்னவாம்? முடிஞ்சுதோ?" என்றா அம்மா.

தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்றேன். பெயர்ப் பிரச்சினை என்றேன். அப்பா கைற்ஸ் என்று சொல்ல மாட்டேன் என்கிறார் என்றேன். அம்மா வெடித்தா.

"உந்த மனுசனுக்கு விசரே? இஞ்சை லொட்ஜிலை பொலிஸ் பதிவு எண்டு கிழமைக்குக் கிழமை வந்து நிக்கிறாங்கள். இவள் பள்ளிக்கூடம் இல்லாமல் இருக்கிறாள். எனக்கு அவரின்ரை துறையும் வேண்டாம், கரையும் வேண்டாம். என்னத்தையெண்டாலும் சொல்லிப்போட்டு எங்களைக் கூப்பிடச் சொல்லு."

"அம்மா, அவை என்னெண்டு எழுதி வைச்சிருக்கினம் எண்டு தெரியுமோ? அப்பா ஊர்காவல் படையிலை இருந்தவராம்."

 

"ஆர்? அவரோ?" என்றா அம்மா மெதுவாக. "ஊர்காவல் படையோ? எங்கடை பூசணிக் கொடியைத் திண்ட ஆட்டைக்கூட ஒழுங்காக் கலைக்கத் தெரியாத மனுசனோ?"

"ஓம்."

"அப்பிடி எழுதினவங்களுக்கு முன்னாலை போய், தடுமாறிச் சொல்லிப்போட்டன் எண்டால், பொய்யை ஒளிக்கிறான் எண்டெல்லோ நினைப்பாங்கள்! நாளைக்கு என்னைக் கூப்பிட்டு, உன்ரை புரியன் என்ன படை எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?" பிறகு எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொன்னா. "விடாதேங்கோ. நாங்கள் இருக்கிறம். இன்னும் கொஞ்சம் இருப்பம். அவரிட்டைச் சொல்லு, நான் சொன்னனான் எண்டு."

நான் சொன்னேன். அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, "உவள் இப்பதான் என்னோடை ஒத்துப்போறாள்," என்றார்.

அதன் பிறகு நான் நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். ஊர்காவற்றுறை ஒரு ஊர், அங்கே ஒரு துறை இருந்தது, அதற்குக் காவல்காரன் தேவைப்பட்டது. அவ்வளவைத்தான் நிரூபிக்க வேண்டும். இலேசு என்று நினைத்தேன். நகரத்தின் பெரிய நூலகத்தில் இலங்கை பற்றிய புத்தகங்கள் ஒரு தட்டு முழுக்க இருந்தன. எல்லாவற்றிலும் கைற்ஸ் இருந்தது. ஒன்றில்கூட ஊர்காவற்றுறை இல்லை.

எங்கள் துறையின் சரித்திரத்தை நான் முதன்முதலாக வாசித்தது அங்கேதான், ஆங்கிலத்தில், பனிக்காலத்தில். போர்த்துக்கேயர் வந்து வன்னியில் பிடித்த யானைகளை நடத்திக்கொண்டுவந்து இந்தத் துறையில்தான் கப்பலேற்றினார்களாம். யானைத் துறை என்று தங்கள் பாசையில் அதற்குப் பேர் வைத்தார்கள். ஒல்லாந்தர் வந்து அவர்களைத் துரத்தி, எதிரே கடலுக்குள் நிற்கிற கோட்டையைப் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்து சுங்கம் வைத்தார்கள். யானைகளைப் பற்றி ஒவ்வொரு புத்தகமும் அக்கறையாக எழுதியிருந்தது. எவ்வளவு உயரம், என்ன விலை, எந்த ராசாவுக்குப் போனது. யானையைக் கப்பலில் ஏற்றியவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு புத்தகத்தில் துறையின் படம் இருந்தது. முன்னால் தொப்பியோடு ஒரு வெள்ளைக்காரர், கீழே அவர் பேரும் பதவியும். பின்னால் மூட்டையோடு நாலைந்து பேர். அவர்களுக்குக் கீழே "சுதேசிகள்" என்று மட்டும் இருந்தது. அதில் ஒருவருடைய காதைப் பார்த்தால் எங்கள் அப்பாவின் காது மாதிரியே இருந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் காதுதான், அது வேறு விசயம்.

எனக்குக் கோபம் வந்தது. நானூறு வருசமாக அந்தத் துறையில் ஆர் ஆரோ வந்து பேர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் வைத்த பேரை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. இப்போது, எழுதவில்லை என்பதாலேயே அது இல்லை என்கிறார்கள்.

அன்றைக்குத்தான் அந்த வரி கண்ணில் பட்டது. கைற்ஸ் என்ற பேர் எங்கிருந்து வந்தது என்று ஒரு பழைய அதிகாரி அடிக்குறிப்பில் எழுதியிருந்தார். போர்த்துக்கேயப் பாசையில் "காய்ஸ்" என்றால் ஆங்கிலத்தில் "குவே"யாம். எனக்கு அந்த ஆங்கிலச் சொல் விளங்கவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேசையில் இருந்த பெண்ணிடம் போய், "குவே என்றால் என்ன?" என்று கேட்டேன். அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அது குவே இல்லை, கீ. கப்பல் கட்டுகிற துறை. நீங்கள் குயின்ஸ் கீ போனதில்லையா, ஏரிக்கரையில்?

போயிருக்கிறேன். எத்தனையோ தரம். இரண்டு வருசமாக அந்தத் தெருப்பலகையைக் குயின்ஸ் குவே என்று வாசித்துக்கொண்டிருந்தவன் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஏரி பாதி உறைந்திருந்தது. காற்று மூக்கை அறுத்தது. அப்பா தான் கோப்பை கழுவுகிற உணவகத்துக் கையுறையையே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். துறையின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தார்.

"உப்பு மணம் இல்லை," என்றார். "ஆனால் கல்லு நல்லா அடுக்கியிருக்கிறாங்கள்."

நான் தெருப்பலகையைக் காட்டிச் சொன்னேன். "அப்பா, இந்தப் பலகையிலை ராணியின்ரை துறை எண்டு இருக்கு. கைற்ஸ் எண்டதும் இதே சொல்லுத்தான். வெள்ளைக்காரன் எங்கடை ஊருக்குத் துறை எண்டுதான் பேர் வைச்சிருக்கிறான். நாங்களும் துறை எண்டுதான் வைச்சனாங்கள்."

அப்பா பலகையையும் தண்ணீரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப உவங்களும் துறையாலைதானே பேர் வைச்சிருக்கிறாங்கள். உவங்களை ஒருத்தரும் ராணியின்ரை எந்த டிப்பார்ட்மென்ட் எண்டு கேக்கேல்லையே?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டார்.

மறுநாள் லோயரிடம் போனேன். சொல்லைத் திருப்பி எடுக்க மாட்டோம், ரேப்பை எல்லோருக்கும் முன்னால் போட்டுக் கேட்க வேண்டும், பதிவைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். ரேப்பை ஒருவரும் பிறகு கேட்க மாட்டார்கள், இது தேவையில்லாத சண்டை, அதிகாரிக்கு எரிச்சல் வந்தால் முழு வழக்கும் போய்விடும், அமர்வும் நீளும் என்றார். எல்லாம் சரியான நியாயங்கள். நான் அடிக்குறிப்பின் பிரதியையும் வரைபடத்தின் பிரதியையும் மேசையில் வைத்தேன். வரைபடத்தில் எங்கள் கரையோரம் முழுக்க விரலை ஓட்டினேன். அங்கிளின் பகிடியை அப்படியே அவருக்குச் சொன்னேன். காங்கேசன்துறை, கொழும்புத்துறை என்று ஆங்கில எழுத்திலேயே அச்சடித்திருந்தது. எல்லாம் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு நின்றன.

"இவையும் அரசாங்கத் திணைக்களங்களா?" என்று கேட்டேன்.

லோயர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மொழிபெயர்ப்பாளரிடம் என்ன கேட்க வேண்டும், நீயே எழுதிக்கொண்டு வா என்றார்.

இரண்டாவது அமர்வுக்கு அதே ஆட்கள், அதே அறை. மொழிபெயர்ப்பாளரும் அவரேதான். அவரையே கூப்பிட வேண்டும் என்று நாங்கள் கேட்டிருந்தோம். ரேப்பைப் போட்டார்கள். அப்பாவின் குரல் இரைச்சலுக்குள்ளே இருந்து வந்தது. ஊர்காவற்றுறையிலை காவல் வேலை. தன் குரலை முதன்முதலாக மெசினில் கேட்ட அப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். இந்த முறை வெளியே போகத் தயாராக இல்லை.

லோயர் என் கடதாசியைப் பார்த்துக் கேட்டார்.

"கப்பல் வருகிற இடத்துக்குத் தமிழில் என்ன சொல்?"

"துறைமுகம்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"அதில் முகம் என்றால்?"

"முகம்தான். ஃபேஸ்."

"அப்படியென்றால் துறை?"

மொழிபெயர்ப்பாளர் ரேப் ரெக்கோடரைப் பார்த்தார். ரேப் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அவரையே பார்த்தேன். அவர் என்ன சொன்னாலும் அதுதான் பதிவாகும், அதைத் தாண்டி எங்களுக்குக் குரல் கிடையாது. பிறகு அவர் கதிரையில் நிமிர்ந்து, அதிகாரியிடம் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார்: துறைக்கு இரண்டு பொருள். திணைக்களம் என்பது பின்னால் வந்தது. கப்பல் கட்டுகிற இடம் என்பதுதான் பழையது. இவர் சொன்னது ஒரு இடத்தின் பெயர். நான் செய்த மொழிபெயர்ப்புப் பிழை. பதிவில் அப்படியே போடுங்கள்.

அந்த மனிதருக்கு அதைச் சொல்லாமல் விட ஆயிரம் வழி இருந்தது. அவர் மீது எனக்கிருந்த கோபம் அந்த இடத்திலேயே தீர்ந்துபோனது.

அதிகாரி இலேசில் விடவில்லை. கப்பல்கள் வருவது எப்போதோ நின்றுவிட்ட துறைக்குக் காவல் எதற்கு என்று கேட்டார். கேள்வி தமிழுக்கு வந்தது.

"கப்பல் வராட்டில் என்ன அம்மா?" என்றார் அப்பா. "கட்டடம் நிக்குதெல்லோ. கதவு இருக்கு, கூரைத் தகரம் இருக்கு. ஆடு ஏறிப் படுக்கும், ஆக்கள் தகரம் கழட்டுவினம். நான் இருக்குமட்டும் ஒரு தகரம் போகேல்லை. என்னை ஓடப்பண்ணினாப் பிறகுதான் கூரை போனது. கூரையைக் கொண்டுபோனவையைத்தான் நீங்கள் என்ன படை எண்டு கேக்கவேணும்."

மொழிபெயர்ப்பாளர் இதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். கடைசி வரியை இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னார் என்று எனக்குப்பட்டது. அதிகாரி எழுதினார். நெடுநேரம் எழுதினார். பொல்லைப் பற்றியும் கேட்டார். ஆடுகள் திரும்பவும் ஆங்கிலத்துக்குப் போயின. இந்த முறை அவருடைய வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது.

"பதிவைத் திருத்துகிறேன்," என்றார். "இடத்தின் பெயர், கைற்ஸ்."

மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிக்குமுன் அப்பா எழும்பிவிட்டார். லோயர் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார். அப்பா உட்காரவில்லை.

"இல்லை அம்மா. ஊர்காவற்றுறை. நான் சொன்னது அது. நீங்கள் எழுதவேண்டியதும் அது."

அதிகாரி முயன்று பார்த்தார். "ஊர்... காவட்..."

"ற்று," என்றார் அப்பா. "ற்றுறை. ஒருக்கால் இன்னும் சொல்லுங்கோ."

"இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர் முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

அந்த அம்மையார் இன்னொரு தடவை சொன்னார். பிழையாகத்தான் சொன்னார். ஆனால் மொழிபெயர்ப்பாளரிடம் எழுத்து எழுத்தாகக் கேட்டு ஆங்கிலத்தில் முழுசாக எழுதினார். கைற்ஸ் என்பதைப் பக்கத்தில் அடைப்புக்குள் போட்டார். எங்கள் பேர் வெளியே, அவர்கள் வைத்த பேர் அடைப்புக்குள். நான் வாசித்த அத்தனை புத்தகத்திலும் இல்லாத ஒழுங்கு அது. அப்பா பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு அந்த ஆங்கில எழுத்துகள் தெரியாது. ஆனால் நீளமாக இருந்தது, அதனால் சரியாக இருக்கும் என்று பிறகு சொன்னார்.

முடிவு தபாலில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். அம்மாவும் தங்கச்சியும் வந்துசேர இன்னும் ஒரு பனிக்காலம் போனது. விமான நிலையத்தில் அம்மா முதலில் கேட்டது, "எங்கை என்ரை ஊர்காவல் படை?" என்றுதான்.

இப்போதும் எங்கள் ஆட்கள் சிலர் சொல்வார்கள், ஒரு சொல்லுக்காக இவ்வளவு இழுத்திருக்கத் தேவையில்லை என்று. அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும், ஒரு சதமும் போயிராது. அது உண்மை. நாங்கள் முடிக்கவில்லை. அதனால் லோயரின் இரண்டாம் அமர்வுக் காசு, ரேப்பின் பிரதி, விடுப்பெடுத்ததற்காக உணவகம் அப்பாவிடம் வெட்டிய கூலி, அம்மாவும் தங்கச்சியும் கூடுதலாக இருந்த மாதங்களின் லொட்ஜ் வாடகை, எல்லாமாக அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் கொடுத்தது இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது டொலர்.